மறந்தவளைத் தேடி வந்த தோழன்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அரசாணையும் நீதிமன்றமும் எட்டாத ஓர் எல்லைக் காட்டை மனத்தில் கொள்வோம். மரம் வெட்டுவோர் கூடாரமிட்ட கூப்பு அது. பகலெல்லாம் கோடாலி ஓசை. இரவானால் குடியும் சூதும் பூசலும். கை வலுத்தவன் சொன்னதே அங்குச் சட்டம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் அகப்பட்டுக்கொள்கிறாள். அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. தன் பெயர் தெரியாது. பிறந்த ஊர் தெரியாது. தன்னைப் பெற்றவர் யார், கைப்பிடித்தவர் யார் என்பதும் தெரியாது.

இவளுக்கு நேர்ந்துள்ள ஆபத்துகள் மூன்று. வீட்டுக்குப் போகும் வழி தெரியாமை முதல் ஆபத்து. அதனினும் கொடியது இரண்டாவது. இவள் என்னுடையவள் என்று அங்குள்ளவருள் எவன் சொன்னாலும், அல்லள் என்று மறுக்க அவளிடம் ஆதாரம் ஏதுமில்லை. தான் யாருடையவள் என்பதை மறந்தவளை யார் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாம். மூன்றாவது ஆபத்து நாள்பட வருவது. அந்தக் கூப்பே தன் ஊர் என்றும், தனக்கு எவரும் இல்லை, தானே தனக்கு உரியவள் என்றும் அவள் நிச்சயித்துவிடுவாள். அதன் பிறகு வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்தாலும் அவள் புறப்படமாட்டாள்.

ஸம்ஸாரத்தில் நம் நிலை இதுவே. ஸ்ரீமத் பாகவதம் இந்தக் காட்டையும் இந்தப் பெண்ணையும் இரண்டு இடங்களில் நமக்குக் காட்டுகிறது. அவ்விரண்டையும் நம் ஸம்ப்ரதாயப் பொருளோடு சேர்த்து அநுபவிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் காடு. ஐந்தாம் ஸ்கந்தத்தில் ரஹூகண மன்னனுக்கு ஜடபரதர் உபதேசிக்கும் பவாடவி வர்ணனை வருகிறது. பவம் என்பது பிறவி. அடவி என்பது காடு. ஒரு வணிகக் கூட்டம் லாபத்தை நாடி அக்காட்டுக்குள் நுழைகிறது. கூட்டத்தின் தலைவனோ தகுதியற்றவன். ஆறு கள்வர்கள் அவர்களைக் கொள்ளையிடுகிறார்கள். நரிகள் இழுத்துச் செல்கின்றன. கொடிகள் கால்களைச் சிக்கவைக்கின்றன. இல்லாத கந்தர்வ நகரம் கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த அத்தியாயத்தில் சுகர் இதன் உட்பொருளைப் பரீக்ஷித்துக்கு விளக்குகிறார். ஐம்புலன்களும் மனமுமே அந்த ஆறு கள்வர்கள். வழி தவறிய புத்தியே அந்தத் தகுதியற்ற தலைவன். வணிகம் பயின்ற எவருக்கும் இந்த இடம் நெஞ்சில் தைக்கும். அந்தக் கூட்டத்தை ஒருவரும் காட்டுக்குள் கட்டி இழுத்துவரவில்லை. லாபம் கிடைக்கும் என்று அவர்களாகவே வந்தார்கள், முதலையும் இழந்தார்கள்.

அடுத்துப் பெண். நான்காம் ஸ்கந்தத்தில் ப்ராசீனபர்ஹி என்ற மன்னனுக்கு நாரதர் புரஞ்ஜனன் கதையைச் சொல்கிறார். புரஞ்ஜனனுக்கு அவிஜ்ஞாதன் என்று ஒரு தோழன் இருந்தான். அப்பெயருக்கு அறியப்படாதவன் என்பது பொருள். அந்தத் தோழனை விட்டுப் பிரிந்து, ஒன்பது வாயில்கள் கொண்ட ஒரு நகரத்துக்குள் புகுந்து, அங்குக் கண்ட ஒரு பெண்ணிடம் மயங்கிப் புரஞ்ஜனன் வாழ்நாளைக் கழித்தான். நகரம் அழிந்தது. பகைவர் அவனைக் கட்டி இழுத்துச் சென்றபோதும் பழைய தோழனின் நினைவு அவனுக்கு வரவில்லை. அவன் வேள்விகளில் கொன்ற பசுக்கள் சினத்தோடு கோடாலிகளால் அவனை வெட்டின. பின்னர் கரைகாணாத இருளில் நெடுங்காலம் நினைவிழந்து கிடந்தான். நினைவு அழிந்தவன் என்று பொருள்படும் நஷ்டஸ்ம்ருதி என்னும் சொல்லையே பாகவதம் அங்கே இடுகிறது.

கடைசி நினைவு மனைவியைப் பற்றியதாக இருந்ததால், அவன் அடுத்த பிறவியில் விதர்ப்ப மன்னனின் மகளாகப் பிறந்தான். அந்த வைதர்ப்பியைப் பாண்டியன் மலயத்வஜன் மணந்தான். பிள்ளைகளுக்கு நாட்டைப் பகிர்ந்து கொடுத்துவிட்டு மலயத்வஜன் குலாசலத்துக்குத் தவம் செய்யப் போனான். அவளும் உடன் சென்றாள். அவ்விடத்து நதிகளுள் ஒன்றாகத் தாம்ரபர்ணியை பாகவதம் குறிப்பிடுகிறது. நம்மாழ்வாருடைய திருக்குருகூர் எந்த நதிக்கரையில் அமைந்துள்ளதோ அதே பொருநல் அது என்று நினைக்கும்போது நெஞ்சு கசிகிறது.

ஒரு நாள் கணவனின் திருவடிகளைப் பற்றியபோது அவற்றில் வெம்மை இல்லை. கூட்டத்தைப் பிரிந்த பெண்மானைப்போல் அவள் கலங்கினாள். எழுந்திரும், கள்வர்களுக்கும் இழிந்த ஆட்சியாளர்களுக்கும் அஞ்சும் இந்தப் பூமியைக் காத்தருளும் என்று அந்த உடலிடம் முறையிட்டாள். விறகு அடுக்கிச் சிதை மூட்டித் தானும் அதில் விழ முனைந்தாள். அந்த நேரத்தில் ஓர் அந்தணர் அங்கே வந்தார். அவர்தான் பழைய தோழன்.

வந்தவர் முதலில் கேட்டது, அவள் யார், யாருக்கு உரியவள், யாருக்காக அழுகிறாள் என்பதைத்தான். பிறகு, தன்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டார். நாம் இருவரும் மானஸ ஸரஸ்ஸில் ஒன்றாக இருந்த இரண்டு ஹம்ஸங்கள் என்பதையும், அவள் தன்னை விட்டு உலக இன்பத்தைத் தேடிப் போனதையும் எடுத்துரைத்தார். அவள் விதர்ப்ப மன்னனின் மகளும் அல்லள், இறந்து கிடப்பவன் அவளுக்கு உற்றவனும் அல்லன், முன்பு அவள் புரஞ்ஜனியின் கணவனாக இருந்ததும் அவளுடைய ஸ்வரூபம் அன்று என்று தெளிவித்தார். இழந்த நினைவை அவள் மீண்டும் பெற்றாள்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வந்த தோழன் அவளுக்குப் புதிதாக ஓர் உறவைக் கொடுக்கவில்லை. இருந்த உறவை நினைவூட்டினார், அவ்வளவே. அவள் மறந்திருந்த காலம் முழுவதும் அவர் அவளை மறக்கவுமில்லை, பிரியவுமில்லை. அந்தர்யாமியாய் உள்ளேயே இருந்தவர், அவள் முற்றும் கைவிடப்பட்டு நின்ற கணத்தில் வெளியே வந்து நின்றார். நம் ஸம்ப்ரதாயத்தில் ஆசார்யன் செய்யும் உபகாரமும் இதுவே. பிள்ளை லோகாசார்யர் ஜீவனுக்கும் எம்பெருமானுக்கும் உள்ள உறவை ஒன்பது விதமாகப் பிரித்துக் காட்டியருளினார்: பிதா, ரக்ஷகன், சேஷி, பர்த்தா, அறியப்படுபவன், ஸ்வாமி, ஆதாரம், ஆத்மா, போக்தா என்று. இவை ஒன்பதும் ஆசார்யன் உண்டாக்கியவை அல்ல. ஜீவன் உள்ள அன்றே உள்ளவை. மறதி அவற்றை மூடியிருந்தது. ஆசார்யன் அந்த மூடியை விலக்குகிறார். ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தின் தொடக்கத்தில் வேடர்களிடம் அகப்பட்டு வளர்ந்த ராஜகுமாரனை உதாரணமாகக் காட்டியருளியதும் இக்கருத்தைப் பற்றியே. வேடர் சேரியில் வளர்ந்ததால் அவன் ராஜகுமாரன் அல்லன் என்று ஆகிவிடுமோ?

இனி, முன்னே சொன்ன மூன்று ஆபத்துகளுக்கும் திருமந்த்ரம் எவ்வாறு பரிஹாரமாகிறது என்று பார்ப்போம். ப்ரணவத்தில் அகாரம் எம்பெருமானைச் சொல்லுகிறது. மகாரம் ஜீவனைச் சொல்லுகிறது. இடையில் நிற்கும் உகாரம், இவன் அவனுக்கே உரியவன், வேறு ஒருவருக்கும் உரியவன் அல்லன் என்று அறுதியிடுகிறது. கூப்பில் நின்ற அந்தப் பெண்ணிடம் இல்லாத ஆதாரம் இந்த உகாரமே. செல்வம், பதவி, உற்றார், உடல் என்று ஒவ்வொன்றும் வந்து, நீ என்னுடையவன் என்று நம்மை இழுக்கும்போது, அல்லேன் என்று சொல்ல நமக்குக் கிடைத்த எழுத்து அது.

அடுத்த பதம் நம: என்பது. எனக்கு நானே உரியவன் அல்லேன் என்று அது சொல்லுகிறது. பிறருடைய உரிமையை மறுத்த பிறகு எஞ்சி நிற்கும் உரிமையாளன் ஒருவன் உண்டு. அவன் நாமேதான். எம்பெருமானுடைய பொருளான ஆத்மாவை என்னுடையது என்று கொள்ளும் ஆத்மாபஹாரம் களவுகளிலெல்லாம் பெரிய களவு என்று பெரியோர் கொள்வர். காட்டில் கள்வர்களுக்கு அஞ்சினோம். எல்லோரையும்விடப் பெரிய கள்வன் நம் அஹங்காரம் என்று நம: பதம் காட்டிக்கொடுக்கிறது. மூன்றாவதான நாராயணாய என்ற பதம் வீட்டைக் காட்டுகிறது. அவனுக்கே கைங்கர்யம் செய்து வாழ்வதே நம் ஊர், நம் வீடு.

இதை வாழ்ந்து காட்டியவர் திருமங்கையாழ்வார். ஆயிரத்தெட்டு ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு நாள்தோறும் அமுது செய்விக்க வேண்டும் என்ற குமுதவல்லி நாச்சியாரின் நிபந்தனையை நிறைவேற்றக் கைப்பொருளையெல்லாம் செலவிட்டு, அதுவும் போதாமல் வழிப்பறியில் இறங்கியவர் அவர். திருமணங்கொல்லையில் மணக்கோலத்தோடு வந்த திவ்யதம்பதிகளை மறித்து, அணிகலன்களைக் கவர்ந்து மூட்டையாகக் கட்டினார். மூட்டையைத் தூக்க முடியவில்லை. என்ன மந்திரம் செய்தாய் என்று அதட்டியவரின் திருச்செவியில் திருவெட்டெழுத்தை எம்பெருமானே ஓதியருளினான். திருநகரியை ஒட்டி இன்றும் பங்குனியில் நடக்கும் வேடுபறி உத்ஸவம் இதையே நமக்கு நினைவூட்டுகிறது. காட்டுவழியில் கள்வனாய் நின்றவர் தம்மை அறிந்த பிறகு யாராக ஆனார்? பரகாலநாயகி ஆனார். வாளேந்திய அதே ஆழ்வார், எம்பெருமானுக்கே உரிய பெண்ணாகத் தம்மை உணர்ந்து பாடினார். மறதி நீங்கியதும் ஸ்வரூபம் தானே வெளிப்பட்டது.

தனி ஒருவருக்கு வரும் மறதி மட்டுமன்றி, ஒரு நாட்டுக்கே வரும் மறதியும் உண்டு. ஆழ்வார்களின் அருளிச்செயலே ஒரு காலத்தில் மறக்கப்பட்டிருந்தது. காட்டுமன்னார்கோயிலில் ஸ்ரீமந்நாதமுனிகள், யாத்திரை வந்தவர்கள் ஸேவித்த திருக்குடந்தைப் பதிகம் ஒன்றைக் கேட்டு, அது ஆயிரத்துள் பத்து என்று அறிந்து, மற்றவை எங்கே என்று தேடிப் புறப்பட்டார். திருக்குருகூரில் திருப்புளியாழ்வாரின் அடியில் மதுரகவிகளின் கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் முறை அநுஸந்தித்து, நம்மாழ்வாரிடமிருந்து நாலாயிரத்தையும் பெற்றார். நினைவில் எஞ்சியிருந்த ஒரு பதிகம் முழுவதையும் மீட்டுத் தந்தது. ஆகையால் வீட்டில் நாள்தோறும் இரண்டு பாசுரமாவது ஸேவிப்பதைச் சிறிய காரியம் என்று எவரும் எண்ண வேண்டா.

இங்கே ஒரு கேள்வி எழலாம். உறவு அழியாதது என்றால், அதை நினைத்தால் என்ன, மறந்தால் என்ன? இதற்கு வங்கித் துறையில் நாம் கண்ட வழக்கம் ஒன்றை உதாரணமாகச் சொல்லலாம். பத்து ஆண்டுகள் எவரும் கையாளாமலும் உரிமை கோராமலும் கிடக்கும் வைப்புத்தொகை, 2014-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய நிதிக்கு மாற்றப்படுகிறது. அதனால் உரிமை அழிவதில்லை. கணக்குக்கு உரியவரோ அவருடைய வாரிசோ என்று வந்து கேட்டாலும் வங்கி அதைக் கொடுக்க வேண்டும். ஆயினும் தன் பெயரில் பணம் இருப்பதை அறியாதவர் அதுவரை கடன்பட்டும் பசித்தும் இருப்பார். உறவை மறந்த ஜீவனின் நிலையும் இதுவே. உரிமை அழியவில்லை, அநுபவம் அழிந்தது. அந்த இழவைத் தீர்க்கவே நினைவு வேண்டும்.

இவ்வுதாரணம் ஓர் இடத்தில் பொருந்தாது. பொருந்தாத அந்த இடமே நம் ஸித்தாந்தத்தின் உயிர்நிலை. வங்கிக் கணக்கில் நாம் உடையவர், பணம் உடைமை. இங்கேயோ எம்பெருமான் உடையவன், நாம் உடைமை. மறந்தது உடைமை, உடையவன் மறக்கவில்லை. காணாமற்போன பொருள் தன் சொந்தக்காரனைத் தேடி அலைவதில்லை. சொந்தக்காரனே விளக்கை ஏற்றிக்கொண்டு தேடுகிறான். கிடைத்தபோது மகிழ்பவனும் அவனே. மலயத்வஜனின் சிதையருகே தோழன் தானாக வந்ததும், திருமணங்கொல்லையில் மணவாளன் தானாக வந்து அகப்பட்டதும் இதனால்தான்.

அண்மைக்காலத்தில் நம் அன்பர்கள் பலருடைய இல்லங்களில் ஒரு பெருந்துயரம் புகுந்திருக்கிறது. சிறு வயது முதல் திருப்பாவையும் திருவாய்மொழியும் மனப்பாடமாக இருந்த தாயார், முதுமையில் மறதி நோயால் பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்கிறார். பிள்ளையோ கடல் கடந்து வாழ்கிறான். தாயார் முதியோர் இல்லத்தில், தெரியாத மொழி பேசும் பணியாளர்களிடையே இருக்கிறார். கூப்பில் அகப்பட்ட பெண்ணைப்போலவே அவருக்கும் எந்த முகமும் தெரியவில்லை. அந்திம காலத்தில் எம்பெருமானின் திருநாமம் அவர் வாயில் வருமா, வராவிட்டால் கதி என்ன என்று பிள்ளைகள் உள்ளூர நடுங்குகிறார்கள். இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. கடைசி நினைவு எதுவோ அடுத்த பிறவி அது என்று சாஸ்த்ரம் சொல்லுகிறது. பவாடவியைச் சொன்ன ஜடபரதரே முற்பிறவி ஒன்றில் மான்குட்டியை நினைத்தபடி உயிர்விட்டு மானாகப் பிறந்தவர். புரஞ்ஜனன் பெண்ணாகப் பிறந்ததையும் கண்டோம்.

இந்த அச்சத்துக்கு மருந்து வராஹ சரம ச்லோகம். பூமிப்பிராட்டி உயிர்களிடம் பரிந்து கேட்க, ஞானப்பிரான் அருளிச்செய்த வார்த்தை அது. உடல் நலமாகவும் மனம் தெளிவாகவும் உள்ள காலத்தில் ஒருவன் தன்னை நினைத்தானாகில், பின்பு அவன் கட்டையைப்போலவும் கல்லைப்போலவும் நினைவின்றிக் கிடக்கும் காலத்தில், தானே அவனை நினைத்துப் பரமகதிக்கு அழைத்துச் செல்வதாக எம்பெருமான் வாக்களிக்கிறான். நினைக்க வேண்டிய பொறுப்பு இங்கே கைமாறிவிடுகிறது. அவள் நினைக்க முடியாதபோது அவளுக்காகவும் அவன் நினைக்கிறான். ஸ்வாமி தேசிகன் இந்த வார்த்தைக்கென்றே ரஹஸ்யசிகாமணி என்னும் க்ரந்தத்தை அருளிச்செய்தார். காஞ்சியில் தேவப்பெருமாள் திருக்கச்சி நம்பிகள் மூலமாக இளையாழ்வாருக்குத் தெரிவித்த ஆறு வார்த்தைகளிலும், ப்ரபந்நனுக்கு அந்திம ஸ்ம்ருதி வேண்டியதில்லை என்பது ஒன்று. பெரியாழ்வாரும் திருவரங்கத்து எம்பெருமானிடம், இறுதிக்காலத்துத் தளர்ச்சியில் தம்மால் நினைக்க இயலாமற்போகலாம் என்று முன்கூட்டியே விண்ணப்பித்து வைத்தார். ஆழ்வாருக்கே அது விண்ணப்பமானால், நம் தாய்மாருக்கு அது நம்பிக்கை ஆகாதோ?

மரக்காடுகளில் வேறொரு வழக்கமும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்கக் காடுகளில் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஆலைகளுக்குக் கொண்டுசெல்வார்கள். பல முதலாளிகளின் மரங்கள் ஒரே வெள்ளத்தில் கலந்து மிதக்கும். எது யாருடையது என்பதை எப்படி அறிவது? ஒவ்வொரு கட்டையின் முனையிலும் உடையவனின் குறியைச் சுத்தியலால் அடித்துப் பதித்திருப்பார்கள். கீழ்க்கரையில் அந்தக் குறியைப் பார்த்து அவரவர் மரத்தைப் பிரித்தெடுப்பார்கள். கட்டைக்குத் தன் உடையவன் யார் என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. குறி பதிந்திருக்கிறது, அது போதும். பஞ்சஸம்ஸ்காரத்தில் ஆசார்யன் தோள்களில் பதித்த சங்கும் சக்கரமும் அத்தகைய குறி. நினைவு தப்பினாலும் அந்தப் பதிவு தப்புவதில்லை. கட்டையாய்க் கிடக்கும்போது நினைப்பேன் என்றவனுக்கு, தன் குறி பதிந்த கட்டை எது என்று தெரியாமற்போகுமோ?

ஆகையால் இத்தகைய பெரியோரைப் பேணும் அன்பர்களுக்கு ஒன்று விண்ணப்பிக்கிறோம். நான் யார் தெரிகிறதா என்று அவர்களைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டா. விடை சொல்ல முடியாத கேள்வி அவர்களுக்குத் துன்பத்தையே தரும். அருகில் அமர்ந்து, கையைப் பற்றி, நான் உங்கள் மகன், நீங்கள் பெருமாளுடைய அடியவர் என்று நாமே சொல்லுவோம். அவர்களுக்குப் பழகிய பாசுரத்தை மெதுவாகத் தொடங்குவோம். அவர்கள் இதழ் அசைந்தால் மகிழ்வோம்; அசையாவிட்டாலும் பாசுரத்தை முடிப்போம். தொலைவில் இருப்போர் தொலைபேசி வழியாகவாவது இதைச் செய்யலாம். வைதர்ப்பிக்குத் தோழன் செய்த உபகாரத்தில் ஒரு துளியை நாம் செய்தவர் ஆவோம்.

நமக்கும் ஒன்று உண்டு. உடலும் உள்ளமும் தெளிவாக உள்ள காலம் என்று எம்பெருமான் குறிப்பிட்டது, இதைப் படிக்கிற நமக்கு இன்றைய நாளைத்தான். பணி ஓய்ந்த பிறகு, பிள்ளைகள் நிலைபெற்ற பிறகு என்று தள்ளிப்போடும் கணக்கு எதுவும் அந்த வார்த்தையில் இல்லை. இன்று ஒருமுறை, யாருடையவன் என்பதை அறிந்து திருமந்த்ரத்தை அநுஸந்திப்போம். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

ஆழ்வார் ஆசார்யர்கள் திருவடிகளே சரணம்.